24 மணி நேர கிளினிக்: டர்பன் கவுன்சிலர் கையில் இருப்பதும் இல்லாததும்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றித் தமிழர் அடர்ந்து வாழும் பகுதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது அடிக்கடி காதில் விழும் வாக்குறுதி, 'நம் வார்டுக்கு 24 மணி நேர கிளினிக்'. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் அவர் அடுத்தவர் பணப்பையைத் திறந்து காட்டுகிறார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியில் 111 வார்டுகள், 222 கவுன்சிலர்கள். அவர்களில் ஒருவருக்கும், ஏன் மேயருக்கும்கூட, மாகாண மருத்துவமனைக்கு ஒரு டாக்டரை நியமிக்கும் அதிகாரம் கிடையாது.

ஏழை நோயாளிக்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தித் தரக்கூடிய வேறு சில அதிகாரங்களோ அவர்கள் மேசையிலேயே தூசி படிந்து கிடக்கின்றன. சீர்திருத்த எண்ணம் உள்ள ஒரு உள்ளூர்த் தலைவரை அடையாளம் காண, அவர் எந்தக் கட்டடத்தைத் திறப்பேன் என்கிறார் என்று பார்க்க வேண்டாம். இந்தத் தூசியைத் தட்டுகிறாரா என்று பார்த்தால் போதும்.

ஒரு கிளினிக்குக்கு இரண்டு முதலாளிகள்

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 4ஆம் அட்டவணை மருத்துவத்தை இரண்டாக வெட்டுகிறது. 'சுகாதார சேவை' என்பது மத்திய அரசும் மாகாண அரசும் பகிர்ந்துகொள்வது. 'மாநகராட்சி சுகாதார சேவை' என்பது உள்ளாட்சிக்கு உரியது. இரண்டாவதன் பெயரைக் கேட்டால் கிளினிக் என்றுதான் தோன்றும். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் அதற்குத் தரும் பொருள் வேறு: குடிநீர்த் தரம், உணவுக் கட்டுப்பாடு, குப்பை, கட்டடங்களின் சுகாதாரக் கண்காணிப்பு, தொற்றுநோய்க் கண்காணிப்பு, எலி-கொசு ஒழிப்பு, சுற்றுச்சூழல் மாசு, இறந்தோரை அடக்கம் செய்தல், ரசாயனப் பாதுகாப்பு. தடுப்பூசிகூட இதில் சேராது. சட்டமே அதை வெளிப்படையாக விலக்குகிறது.

ஆகவே சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கர்ப்பகாலப் பரிசோதனை எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டு வாசகர் மாகாணம் என்பதை மாநில அரசு என்று வைத்துக்கொள்ளலாம். குழப்பம் எங்கே வருகிறது என்றால், டர்பன் போன்ற பெருநகரங்களில் பழைய காலத்திலிருந்தே மாநகராட்சியும் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறது. ஒரு பேட்டையில் மாகாணக் கிளினிக், பக்கத்துப் பேட்டையில் மாநகராட்சிக் கிளினிக். பின்னதற்கு மாகாணம் மானியம் தருகிறது. போதாததை வீட்டுவரிப் பணத்திலிருந்து மாநகராட்சி போட்டுக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, மாநகராட்சி நர்ஸின் சம்பளமும் மாகாண நர்ஸின் சம்பளமும் ஒரே அளவுகோலில் இல்லை. கிளினிக்குகளையெல்லாம் மாகாணத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சம்பளமும் ஓய்வூதியமும் குறுக்கே வந்து நிற்பது இதனால்தான். இன்னொன்று, மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. மாநகராட்சியினுடையது ஜூலை 1இல். மாகாணம் ஏப்ரலில் மானியத்தைக் குறைத்தால், அது இருக்கும் என்று நம்பி முந்தைய ஜூலையில் போட்ட மாநகராட்சிக் கணக்கில் மூன்று மாதத்துக்குத் துண்டு விழுகிறது. அந்த இடைவெளியில் காலியாகும் நர்ஸ் பணியிடத்தை யார் நிரப்புவது என்று இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். ஒரு கிளினிக்கில் நர்ஸ் குறைந்துவிட்டார் என்று தெரிந்தவுடன் கவுன்சிலர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்தப் பணியிடம் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறது?' என்பதே. அதைக் கேட்காமல் தவறான வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தி ஓய்ந்தவர்கள் ஏராளம்.

தெருக்களாகிவிட்ட டாக்டர்கள்

இந்தப் பிளவு இன்று நேற்று வந்ததல்ல. 1918 விஷக்காய்ச்சல் கொன்று குவித்த பிறகு வந்த 1919 பொதுச் சுகாதாரச் சட்டம், நோய் தடுப்பை உள்ளாட்சிக்கும் மருத்துவமனையை மாகாணத்துக்கும் என்று பிரித்து வைத்தது. அந்தப் பிளவை ஒட்டவைக்கும் முதல் பெரிய முயற்சி எழுந்தது டர்பன் இருக்கும் இதே நட்டால் மண்ணில்தான்.

1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி, புல்வர் ஊருக்கு அருகே போலேலாவில் ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கினார்கள். உள்ளூர் ஆட்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். குழந்தை மெலிந்திருந்தால் மருந்தோடு காய்கறித் தோட்டத்துக்கான யோசனையும் போனது. நோய் தீர்ப்பதும் தடுப்பதும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஹென்றி க்ளக்மன் தலைமையில் 1942இலிருந்து 1944 வரை உழைத்த தேசிய ஆணையம், நாடு முழுக்க இப்படி 400 மையங்கள் வேண்டும் என்றது. 1940களின் நடுவில் டர்பன் க்ளேர்வுட்டில், அன்று இந்தியத் தோட்டக்காரர்கள் நிறைந்திருந்த பகுதியில், இதற்கான பயிற்சி நிலையம் எழுந்தது. நாற்பது சொச்சம் மையங்கள் வந்தன. 1948இல் நிறவெறி ஆட்சி வந்ததும் பணமும் ஆதரவும் வற்றின. லாமன்ட்வில்லிலும் போலேலாவிலும் வேலை பார்த்துத் திரும்பிய ஜாக் கைகர் என்ற அமெரிக்கர், அந்த வித்தையை 1965இல் மிசிசிப்பிக்கும் பாஸ்டனுக்கும் கொண்டுபோனார். விதை இங்கே, விளைச்சல் அங்கே.

அதே காலத்தில் டர்பனில் வேறொரு வகை மருத்துவத் தலைமையும் உருவானது. எடின்பரோவில் படித்து 1936இல் திரும்பிய டாக்டர் குணம், நாட்டின் முதல் இந்தியப் பெண் டாக்டர். அங்கேயே படித்த டாக்டர் மான்டி நாய்க்கர் 1945இல் நட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1946 சாத்வீக எதிர்ப்பில் இருவரும் சிறை போனார்கள். 1947 மார்ச்சில் நாய்க்கர், யூசுப் தாதூ, ஏ.பி. சூமா ஆகிய மூன்று டாக்டர்கள் இந்திய-கறுப்பின ஒற்றுமைக்குக் கையெழுத்திட்டது வரலாறு. இன்று டர்பன் நடுவில் பழைய பைன் தெரு மான்டி நாய்க்கர் சாலை, பழைய பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் குணம் தெரு, பழைய கிரே தெரு தாதூ பெயரில். கிளினிக் மேசையில் நோயாளியைப் பார்த்தவர்கள் நகர்மன்றத்தில் உட்கார முடியாத காலம் அது. நோய்க்குக் காரணம் வீடும் கூலியும் சட்டமும் என்று தெரிந்தும், சீட்டு எழுதுவதைத் தாண்டிச் செய்ய அவர்களிடம் அரசு அதிகாரம் இல்லை. இன்றைய கவுன்சிலரின் நிலை தலைகீழ்: நகர்மன்ற நாற்காலி இருக்கிறது, கிளினிக் சாவி இல்லை.

இலவசம் என்றால் எதுவரை?

1994 மே 24 அன்று நாடாளுமன்ற உரையில் மண்டேலா, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார். 1996இல் அடிப்படை மருத்துவம் அனைவருக்கும் இலவசமானது. 2003 சட்டம் இதை எழுத்தில் கட்டியது. மெடிக்கல் எய்டு காப்பீடு வைத்திருப்பவர்கள் மட்டும் விலக்கு.

இலவசம் கிளினிக் வாசலோடு முடிகிறது. மருத்துவமனைக்குப் போனால் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம். முதியோர் உதவித்தொகை போன்ற சமூக உதவி பெறுபவர், பதிவுபெற்ற வேலையற்றவர் ஆகியோர் பூஜ்யக் கட்டணப் பிரிவு. அதற்கு மேல் எச்-1, எச்-2, எச்-3 என்று ஏறும். இதற்குக் கையில் இருக்க வேண்டியவை அடையாள அட்டை, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு அல்லது உதவித்தொகை அட்டை. இவை இல்லாமல் போனால் மேல் வருமானப் பிரிவில் எழுதப்படும் ஆபத்து உண்டு. பிறகு வீட்டுக்கு பில் வரும். பலர் பயந்து அடுத்த முறை போகவே மாட்டார்கள். நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று, கிளினிக் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போவது. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அரசியல் சட்டப் பிரிவு 27(3) அதைத் தடுக்கிறது. சாதாரண இருமலுக்குப் போனால் திரும்ப கிளினிக்குக்கே அனுப்புவார்கள்.

கட்டணம் இல்லாத கிளினிக்கிலும் செலவு இருக்கிறது. போக ஒரு டாக்சி (பலர் சேர்ந்து போகும் சிற்றுந்து), வர ஒரு டாக்சி, ஒரு நாள் கூலி. விடியுமுன் வரிசையில் நின்று மதியம் வெளியே வருபவருக்கு மருத்துவம் மலிவு என்று சொன்னால் சிரிப்பார். 'ஐடியல் கிளினிக்' என்ற தேசிய தர அளவுகோல், நோயாளி உள்ளே செலவிடும் நேரம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது.

நேரம் எங்கே கசிகிறது என்று பார்த்தால் முதல் இடம் ஃபைல் அறை. தமிழ்ப் பேட்டைகளில் இதற்கு ஒரு தனி வினோதம் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் சாதிப்பெயரையும் பட்டத்தையும் துறைமுக குமாஸ்தா எழுதிக்கொண்டபடி கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், படையாட்சி 'பாடயாச்சி' ஆனார். விளைவு, ஒரே கிளினிக்கில் ஒரே குடும்பப்பெயரில் ஒரு அலமாரி முழுக்க ஃபைல்கள். குடும்பப்பெயர் வரிசையில் அடுக்கினால் ஒரு மூட்லியின் ரத்தப் பரிசோதனை இன்னொரு மூட்லியின் ஃபைலில் போய் உட்காரும். தொலைந்த ஃபைலுக்குப் பதில் புது ஃபைல் திறப்பார்கள். அதோடு பழைய அளவுகள் எல்லாம் காணாமல் போகும். தேசிய அடையாள எண்ணைக் கொண்டு பதியும் கணினி முறை வந்தது இதற்காகத்தான். அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பதால் அலமாரியையும் அப்படியே அடுக்கலாம். இதற்கு பட்ஜெட் வேண்டாம், ஒரு வார இறுதியும் நாலு ஆட்களும் போதும்.

அடிங்டனில் இருபது இயந்திரங்கள்

மாத்திரை வரிசையில் கசியும் அந்த மணி நேரங்களுக்கு விலை என்ன என்று தெரிய, டர்பன் கடற்கரையில் இருக்கும் அடிங்டன் மருத்துவமனையை நினைக்க வேண்டும். தென்னாப்பிரிக்க சட்டக் கல்லூரி மாணவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் பெயர் உண்டென்றால் அது தியாகராஜ் சுப்பிரமணி. வேலை இல்லாத 41 வயதுக்காரர். நீரிழிவு, இதய நோய், 1996இல் பக்கவாதம், அதே ஆண்டு சிறுநீரகமும் செயலிழந்தது. தனியாரிடம் டயாலிசிஸ் செய்து பணம் தீர்ந்தது. அடிங்டனில் 20 இயந்திரங்கள். ஒரு முறைக்கு நாலு மணி நேரம், கழுவ இன்னும் இரண்டு மணி நேரம். 60 பேருக்கான வசதியில் 85 பேர் ஏற்கெனவே இருந்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்கே இடம் என்ற விதியால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1997 நவம்பர் 27 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: நாட்பட்ட நோய் 27(3) சொல்லும் அவசரச் சிகிச்சைக்குள் வராது, இருக்கும் வளத்தைப் பங்கிடுவதில் மருத்துவமனை நியாயமாகவே நடந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

தீர்ப்பு சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். மருத்துவக் கணக்கு வேறு திசையைக் காட்டுகிறது. டயாலிசிஸ் இயந்திரத்தின் முன் வந்து நிற்கும் நீரிழிவு நோயாளி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளினிக் வரிசையில் நின்றிருப்பார், அல்லது நிற்க முடியாமல் திரும்பியிருப்பார். தென்னாப்பிரிக்க இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு மிகுதி என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி. எனவே இந்தப் பேட்டைகளில் மலிவு மருத்துவம் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் தடையில்லாமல் கையில் கிடைப்பது.

24 மணி நேரத்துக்கு எத்தனை நர்ஸ்?

இப்போது அந்த வாக்குறுதிக்கு வருவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸின் வேலை 40 மணி நேரம். ஒரு இருக்கையை இரவும் பகலும் நிரப்ப 4.2 பேர். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் கழித்து ஆண்டுக்கு 44 வாரம் வேலை என்று வைத்தால் அது 5 ஆகும். இரவில் ஒரு நர்ஸைத் தனியே விட முடியாது. இரண்டு இருக்கை, ஆக 10 நர்ஸ்கள். காவலாளி, கிளார்க், துப்புரவு, ஜெனரேட்டர் வேறு. இத்தனைக்கும் பிறகு இரவு இரண்டு மணிக்கு வருபவை பிரசவ வலி, கத்திக்குத்து, மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயும் டாக்டரும் இல்லாத இடத்தில் இவர்களுக்குச் செய்ய முடிவது முதலுதவியும் ஆம்புலன்சுக்குக் காத்திருப்பதும்.

இதற்குப் பதில், நாலு மணிக்கு மூடும் கிளினிக்கை வார நாட்களில் ஏழு மணி வரை, சனிக்கிழமை ஐந்து மணி நேரம் என்று நீட்டினால் வாரத்துக்குக் கூடுதல் 20 மணி நேரம். ஒரு இருக்கைக்கு 0.6 நர்ஸ், இரண்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால். வேலைக்குப் போகும் ஆள் சம்பளம் இழக்காமல் வந்துபோக இது போதும். 10 நர்ஸ் கேட்டு ஐந்தாண்டு காத்திருக்கும் கவுன்சிலரைவிட ஒன்றேகால் நர்ஸ் கேட்கும் கவுன்சிலர் விவரமானவர்.

நேரத்தை நீட்டினால் மட்டும் போதாது. இது பலமுறை சறுக்கும் இடம். ரத்த மாதிரி எடுக்க ஆய்வகத்தின் வண்டி பிற்பகலில் வந்துபோய்விடும். அதற்குப் பிறகு எடுத்த ரத்தம் காலை வரை கிளினிக்கில் கிடந்தால், சாதாரணக் குழாயில் சர்க்கரை அளவு குறைந்தும் பொட்டாசியம் கூடியும் காட்டும். மாலை நேரத்தை மாத்திரை, பிரஷர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வைத்து ரத்தப் பரிசோதனையைக் காலைக்குத் தள்ள வேண்டும். மருந்தறை உதவியாளர் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டால் மாலை நர்ஸ் வெறும் சீட்டு எழுதி அனுப்புவார், நோயாளி மறுநாள் திரும்ப வர வேண்டும். இருட்டிய பிறகு டாக்சி கிடைக்காத பாதை என்றால் ஆறு மணிக்கே கூட்டம் வற்றிவிடும். டாக்சி சங்கத்தோடும் தெருவிளக்குத் துறையோடும் பேசுவது கவுன்சிலரால் முடிகிற காரியம்; இரண்டாவது அவருடைய சொந்த வீட்டு வேலை.

வரிசையிலிருந்து பொட்டலத்துக்கு

2014இல் தொடங்கிய நாட்பட்ட நோய் மருந்து விநியோகத் திட்டம், சத்தமில்லாமல் நடந்த மிகப் பெரிய சீர்திருத்தம். குறுக்குவழி என்று பொருள்படும் பேச்சுச் சொல்லை வைத்து 'டப்லாப் மெட்ஸ்' என்று அழைக்கிறார்கள். நோய் கட்டுக்குள் இருக்கும் ஆள் மாத்திரைக்காக கிளினிக்குக்கு வர வேண்டாம். அவர் பெயர் போட்ட பொட்டலம் அருகிலுள்ள மருந்துக் கடைக்கோ வேறொரு பதிவுபெற்ற இடத்துக்கோ வரும். தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுவாசல் வரை போகிறது. இது கடைவாசல் வரை. இரண்டுக்கும் நோக்கம் ஒன்று.

நடைமுறை இப்படி. பிரஷர் தொடர்ந்து இரண்டு முறை 140/90க்குக் கீழ், சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் 'நிலையானவர்' என்று நர்ஸ் குறிப்பார். ஆறு மாதச் சீட்டு எழுதி, முதல் மருந்தை கிளினிக்கிலேயே கொடுத்து, எடுக்கும் இடத்தையும் கைபேசி எண்ணையும் பதிவார். அதன்பின் இரண்டு மாத மாத்திரை ஒரு பொட்டலமாக வரும். குறுஞ்செய்தி வந்ததும் அடையாள அட்டையோடு போய் எடுக்கலாம். ஆறு மாதம் முடிந்ததும் கிளினிக்கில் பரிசோதனை, புதுச் சீட்டு.

எங்கே பிசகுகிறது? பெரும்பாலும் கைபேசி எண்ணில். பாட்டியின் பழைய சிம் போய் பேரனின் எண் வந்திருக்கும், பேரன் வேலைக்காக ஜோபர்க் போயிருப்பான். செய்தி அவனுக்குப் போகும், பொட்டலம் எடுக்கப்படாமல் திரும்பும், ஆறு மாதம் கழித்து 'மருந்து தவறியவர்' என்று பாட்டி மறுபடி வரிசையில் நிற்பார். பதிலாள் ஒருவர் பெயரையும் அவர் எண்ணையும் முதல் நாளே பதிவது இதற்கு மருந்து. மூன்று மாத்திரையில் ஒன்று தட்டுப்பாடு என்றால் பொட்டலம் தாமதிக்கலாம் அல்லது குறையோடு வரலாம். பாட்டியோ மூன்றும் இருப்பதாக நினைத்துக்கொள்வார். குளிரில் வைக்க வேண்டிய இன்சுலின் இந்தப் பொட்டலத்தில் எளிதாக அடங்குவதில்லை. இவற்றையெல்லாம் விடப் பெரிய கவலை, நன்றாக ஓடும் பொட்டலம் கால் புண்ணை மறைத்துவிடும். ஆறு மாதப் பரிசோதனையில் காலணியைக் கழற்றச் சொல்வது, சிறுநீரில் புரதம் பார்ப்பது, கண் பரிசோதனைக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் விடுபட்டால் அடிங்டன் வரிசை நீளும்.

கவுன்சிலருக்கு இதில் என்ன வேலை? எடுக்கும் இடம். மருந்துக் கடை இல்லாத மேட்டுப் பேட்டைக்கு மாநகராட்சி நூலகமோ சமூகக் கூடமோ கொடுக்கலாம். பூட்டுள்ள அலமாரி, காற்றோட்டம், பொறுப்பான ஆள், பதிவேடு இருந்தால் மாகாணத்தோடு பேச இடமிருக்கிறது.

கோயில் கூடத்தில் ஒரு முகாம் போடுவது இன்னொரு வழி, ஆனால் அதிலும் சறுக்கல் உண்டு. ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாளில் மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும், சர்க்கரை பார்க்கலாம் என்று யோசனை வரும். நல்ல யோசனைதான். ஆனால் கூழ் குடித்த கையோடு விரலைக் குத்தினால் எல்லோருக்கும் அளவு ஏறித்தான் இருக்கும். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும். சாப்பிட்டவரிடம் 11.1, வெறும் வயிற்றில் 7.0 என்பவை சந்தேக எல்லை. இந்தியக் கணக்கில் 200, 126. பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும், பரிசோதனைப் பட்டி டப்பாவின் மூடி வெயிலில் திறந்து கிடக்கக் கூடாது. முக்கியமானது: அடுத்த இரண்டு வாரத்துக்கு கிளினிக்கில் நாளைக்கு ஐந்து இடங்களை முகாம் சீட்டு உள்ளவர்களுக்கென்று முன்கூட்டியே ஒதுக்காமல் முகாம் நடத்தினால், படம் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

கூடாத குழு

2003 தேசிய சுகாதாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒரு கிளினிக்குக்கோ சில கிளினிக்குகளுக்குச் சேர்த்தோ ஒரு குழு வேண்டும் என்கிறது. அதில் கவுன்சிலர் ஒருவராவது, ஊர்க்காரர் ஒருவராவது, கிளினிக் தலைவர் ஆகியோர் இருக்க வேண்டும். மாகாணக் கிளினிக்கானாலும் கவுன்சிலருக்குச் சட்டப்படி நாற்காலி உள்ள இடம் இதுதான். ஆனாலும் பல குழுக்கள் பெயரளவில் நிற்கின்றன. கவுன்சிலர் வரமாட்டார், ஊர் உறுப்பினருக்கு டாக்சி செலவுகூடக் கிடைக்காது, கூடினாலும் புகார்ப் பெட்டியைத் திறந்து படித்துக் கலைந்துவிடுவார்கள்.

உருப்படியான குழு மாதந்தோறும் நான்கு எண்களை மேசையில் வைக்கச் சொல்லும்: காத்திருப்பு நேரம், காலியாக உள்ள பணியிடங்கள், தட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளின் பெயர், எடுக்கப்படாமல் திரும்பிய பொட்டலங்கள். மருந்து இருப்பைக் கைபேசி வழியாகப் பதியும் முறை கிளினிக்குகளில் ஏற்கெனவே இருப்பதால் மூன்றாவது எண் புதிதாகத் திரட்ட வேண்டியதில்லை. புகாருக்கு ஐந்து வேலை நாளில் ஒப்புகை, 25 வேலை நாளில் தீர்வு என்பது விதி. தேதி போட்டுக் கேட்டால் நகரும்.

வீடு வீடாகப் போகும் சமூக சுகாதாரப் பணியாளர்களையும் குழு கவனிக்க வேண்டும். தேசியத் திட்டப்படி ஒருவருக்குச் சுமார் 250 வீடுகள். ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் தலைவர். 2018 உடன்படிக்கை அவர்களுக்கு மாதம் 3,500 ராண்ட் என்று வைத்தது. அந்தப் பணத்துக்கு அவர்கள் செய்யும் வேலை அதிகம் என்பதை யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்வார்கள். சாட்ஸ்வொர்த் மாதிரிப் பேட்டையில் அவர்கள் முட்டிக்கொள்வது பூட்டிய இரும்புக் கேட்டில். திருட்டுப் பயத்தில், பகலில் தனியே இருக்கும் ஆயாவிடம் யாருக்கும் கதவு திறக்காதே என்று பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கவுன்சிலர் கையெழுத்திட்ட கடிதம், படம் போட்ட அட்டை, கோயில், தேவாலயம், மசூதிப் பலகைகளில் பணியாளரின் பெயரும் வரும் கிழமையும் எழுதி ஒட்டுவது: இந்த மூன்றும் இருந்தால் கேட் திறக்க வாய்ப்பு உண்டு.

மருந்து வாசனை இல்லாத மருத்துவம்

மாநகராட்சியின் சொந்த அதிகாரம் எங்கே என்று மெரிபேங்கைப் பார்த்தால் தெரியும். 2022 வரை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கிய பகுதியின் நடுவே இருக்கும் அந்தப் பேட்டையின் செட்லர்ஸ் பள்ளியில் நடந்த ஆய்வு, ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருப்பதாகச் சொன்னது. ஊர்க்காரர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் வந்தன, கந்தக டைஆக்சைடு குறைந்தது. பிற்பாடு அந்த நிலையங்களே சரிவர இயங்கவில்லை என்று குறை எழுந்தது வேறு கதை. 2004 காற்றுத்தரச் சட்டப்படி, ஆலைப் புகைக்கு உரிமம் தருவதும் நிபந்தனை போடுவதும் பெருநகரங்களில் மாநகராட்சியே. ஒரு கவுன்சிலர் உரிம நிபந்தனையைப் படித்துக் கேள்வி கேட்டால் எத்தனை இன்ஹேலர்கள் மிச்சமாகும்!

2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸுக்கு அருகே கார்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து நச்சு நீர் உம்ஷ்லாங்கா கழிமுகம் வரை ஓடியதும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து டொங்காட் மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்ததும் இதே பட்டியலைச் சேர்ந்தவை. 2024இல் ஸ்பாசா எனப்படும் பேட்டைப் பெட்டிக்கடைகளின் தின்பண்டங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட பிள்ளைகளின் மரணங்கள், எலிக்கு வைத்த டெர்புஃபாஸ் என்ற விவசாய நஞ்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. பேட்டைகளில் அந்த நஞ்சு தேவைப்பட்டதற்குக் காரணம் எலி. எலிக்குக் காரணம் அள்ளாத குப்பை. 10,000 பேருக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் என்பது ஏற்றுக்கொண்ட அளவு. நகரங்கள் அதற்கு வெகு கீழே நிற்கின்றன. இந்த ஆய்வாளரின் சம்பளப் பட்டியல் மாநகராட்சியினுடையது. இங்கே 'மாகாணம் தரவில்லை' என்று யாரும் கைகாட்ட முடியாது.

2024 மே 15 அன்று அதிபர் கையெழுத்திட்ட தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் ஒரே நிதியிலிருந்து எல்லோருக்கும் சேவை வாங்கும் என்கிறது. நீதிமன்றங்களில் எதிர்ப்பு வழக்குகள் குவிந்தன. அது வந்து எல்லாம் சரியாகும் என்று எந்த வார்டும் காத்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் மேலே சொன்ன எதற்கும் அந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

தேவைப்படுவது நாட்காட்டி. மாநகராட்சி வரைவு பட்ஜெட்டை நிதியாண்டு தொடங்க 90 நாள் முன்பே, அதாவது மார்ச் இறுதியிலேயே, மன்றத்தில் வைத்தாக வேண்டும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஜூன் 30க்குள் நிறைவேறும். அந்த இரண்டு மாதத்தில் 'எங்களுக்கு நல்ல கிளினிக் வேண்டும்' என்று எழுதினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். வார்டு எண், கிளினிக்கின் பெயர், அது யாருக்குச் சொந்தம், வாரத்துக்கு எத்தனை கூடுதல் மணி நேரம், அதற்கு எத்தனை பணியிடம், எந்தத் துறைத் தலைப்பில் பணம் என்று ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்ட ஆவணத்தில் அந்த வரி இல்லையென்றால் பட்ஜெட்டில் அதற்கு இடம் கிடைக்காது; அதில் சேர்க்கும் கூட்டங்கள் வரைவுக்கு முன்பே, முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் நடந்து முடிந்துவிடும். அதைத் தவறவிட்டவருக்கு ஆண்டு நடுவில் வரும் திருத்த பட்ஜெட் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதில் கிடைக்கும் தொகை சிறிது. ஃபைல் அறைக்கு அலமாரியும் பொட்டல அறைக்குப் பூட்டும் வாங்கக் காணும்.